இருட்டும்வரை அடக்கும் உடல்

மாலை ஏழு மணிக்கு மேல் கிராமத்துச் சாலையில் பேருந்தின் முன் இருக்கையில் உட்கார்ந்து வந்தவர்கள் இதைப் பார்த்திருப்பார்கள். முன்விளக்கு வெளிச்சம் விழுந்ததும் சாலையோரத்தில் வரிசையாகப் பெண்கள் எழுந்து நிற்பார்கள், முகத்தை வயல் பக்கம் திருப்பிக்கொண்டு. வண்டி கடந்ததும் உட்காருவார்கள். அடுத்த வண்டி வந்தால் மறுபடி எழுவார்கள். ஏன் சாலையோரம்? உள்ளே தள்ளிப் போனால் பாம்பும் ஆள் பயமும். சாலையோரத்தில் வெளிச்சத் தொல்லை மட்டும்தான்.

கழிப்பறை இல்லாத வீட்டுப் பெண்ணுக்கு ஒரு நாளில் இரண்டே வேளை. ஊர் எழும் முன் நாலரை மணி வாக்கில் ஒன்று, முகம் தெரியாத இருட்டு வந்தபின் ஒன்று. இடையில் ஏறத்தாழ பதினான்கு மணி நேரம். சுகாதாரக் கேடு என்றாலே ஈ, நாற்றம், வயிற்றுப்போக்கு என்று பேசிப் பழகிவிட்டோம். அவை வீட்டில் எல்லாருக்கும் பொது. பெண்ணுக்கென்று தனியாக வரும் தொல்லைகளில் பெரும்பாலானவை அந்தப் பதினான்கு மணி நேரத்தில், அடக்குவதால் வருபவை. கழிப்பறைத் திட்டங்கள் பலவும் கணக்கில் எடுக்கத் தவறியதும் இந்த நேரத்தைத்தான்.

எண்ணிக்கை சொல்வதும் சொல்லாததும்

1986-இல் மத்திய ஊரகச் சுகாதாரத் திட்டம், 1999-இல் முழுச் சுகாதார இயக்கம், 2012-இல் நிர்மல் பாரத் அபியான் என்று பெயர்கள் மாறி மாறி வந்தும், 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் நாட்டின் கிராமப்புற வீடுகளில் 69 விழுக்காட்டுக்குக் கழிப்பறை இல்லை. 2014 அக்டோபர் 2-இல் தொடங்கிய தூய்மை இந்தியா இயக்கம் வீட்டுக்கு 12,000 ரூபாய் ஊக்கத்தொகை கொடுத்துப் பத்துக் கோடிக்கு மேல் கழிப்பறைகளைக் கட்டியது. சரியாக ஐந்தாண்டு கழித்து, 2019 அக்டோபர் 2-இல், கிராமப்புற இந்தியா திறந்தவெளி மலம் கழித்தல் அற்றதாக அறிவிக்கப்பட்டது. அதே காலத்தை ஒட்டி, 2019-21-இல் நடந்த ஐந்தாவது தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பில், நாட்டில் 19 விழுக்காட்டு வீடுகள் எந்தக் கழிப்பறையையும் பயன்படுத்தவில்லை என்று வந்தது. முந்தைய கணக்கெடுப்பில் அது 39 விழுக்காடு. பாதியாகக் குறைந்தது பெரிய காரியம், அதை மறுக்க வேண்டியதில்லை.

ஆனால் இந்தக் கேள்விகள் எல்லாம் வீட்டைப் பார்த்துக் கேட்கப்படுபவை. வீட்டுக்குள் யார் போகிறார்கள், எந்த நேரத்தில், மாதத்தின் எந்த நாளில் என்பது அந்த எண்ணுக்குள் வராது. 2014-இல் பீகார், உத்தரப் பிரதேசம், மத்தியப் பிரதேசம், ராஜஸ்தான், அரியானா ஆகிய ஐந்து மாநிலக் கிராமங்களில் நடந்த ஆய்வு ஒன்றில், நல்ல நிலையில் கழிப்பறை உள்ள வீடுகளில் 40 விழுக்காட்டுக்கு மேல், குறைந்தது ஒருவராவது வெளியேதான் போய்க்கொண்டிருந்தார்.

தாகத்தைக் குறைத்து வாழ்வது

ஒரு சின்னக் கணக்குப் போட்டுப் பார்க்கலாம். போதுமான அளவு தண்ணீர் குடிக்கும் பெண்ணுக்கு ஒரு நாளில் ஒன்றரை லிட்டர் வரை சிறுநீர் சேரும். மணிக்கு அறுபது மில்லி என்று வையுங்கள். சிறுநீர்ப்பையில் 150 முதல் 200 மில்லி சேர்ந்தாலே முதல் உணர்வு வரும், 400-ஐத் தாண்டினால் அடக்குவது வேதனை. பதினான்கு மணி நேரத்தில் சேருவதோ 800 மில்லிக்கு மேல். இந்தக் கணக்கு எந்த மன உறுதிக்கும் அடங்காது. அடங்க ஒரே வழி, உள்ளே போவதைக் குறைப்பது. காலையில் அரை டம்ளர் காபி, மதியம் சோற்றோடு இரண்டு வாய்த் தண்ணீர், மற்றபடி வாயை நனைத்துக்கொள்வது. வெளியூர்க் கல்யாணத்துக்கோ, கூலி வேலைக்கோ, ஆசுபத்திரிக்கோ கிளம்பும் நாளில் அதுவும் கிடையாது.

வயலில் வேலை செய்பவர்கள் வரப்போரம், புதர் மறைவில் சிறுநீர் மட்டுமாவது கழித்துவிடுவார்கள் என்பது உண்மை. ஊருக்குள் நெருக்கமான தெருவில் இருப்பவருக்கு அந்த மறைவும் இல்லை. நடவு வயலிலும் கண்ணுக்கு எட்டியவரை சமதளம்தான். பத்துப் பெண்கள் நிரை போட்டு நட்டுக்கொண்டு போகையில் வரப்பில் ஆண்கள் நாற்றுக்கட்டு வீசிக்கொண்டிருப்பார்கள். வெயிலில் வியர்வையாக ஒரு பக்கம் நீர் போகிறது, மறுபக்கம் குடிப்பதும் இல்லை. சிறுநீர் கெட்டியாகி, மஞ்சள் கறுத்து, எரிச்சலோடு வரும். கல் உருவாவதற்கும் இந்தக் கெட்டிச் சிறுநீர்தான் களம்.

தொற்று எப்படி வருகிறது என்பதையும் பார்க்க வேண்டும். பெண்ணின் சிறுநீர்க்குழாய் நீளம் சுமார் 4 சென்டிமீட்டர்; ஆணுக்குச் சுமார் 20. அதன் வாயும் மலவாயும் அருகருகே இருப்பதால், குடலில் வாழும் ஈ. கோலை போன்ற நுண்ணுயிரிகள் உள்ளே ஏறுவது எளிது. அவற்றைக் கழுவித் தள்ளும் வேலையைச் செய்வது சிறுநீர் ஓட்டம்தான். இரண்டு மூன்று மணிக்கு ஒருமுறை அடித்துக்கொண்டு போனால் ஏறியது இறங்கிவிடும். மணிக்கணக்கில் தேங்கினால் பெருகும். கிராமத்தில் இதற்கு நீர்க்கடுப்பு என்று பெயர். உடம்புச் சூடு என்று சொல்லி இளநீரும் வெந்தயமும் கொடுப்பார்கள். நீர் உள்ளே போவதால் லேசான கடுப்பு தணிந்துவிடும். ஆனால் குளிர் நடுக்கத்தோடு காய்ச்சல், விலாவுக்குப் பின்னால் வலி, வாந்தி, சிறுநீரில் ரத்தம் ஆகியவற்றில் ஒன்று இருந்தாலும் தொற்று சிறுநீரகத்துக்கு ஏறியிருக்கலாம். அன்றைக்கே மருத்துவமனைக்குப் போக வேண்டிய நிலை அது.

கர்ப்பக் காலத்தில் இது இன்னொரு படி மோசம். சுரப்பிகளின் மாற்றத்தால் சிறுநீரகத்திலிருந்து வரும் குழாய்கள் தளர்ந்து விரிகின்றன, வளரும் கருப்பை அவற்றை அழுத்துகிறது, சிறுநீர் தேங்குகிறது. எரிச்சல் எதுவும் இல்லாமலே நூற்றில் இரண்டு முதல் பத்துக் கர்ப்பிணிகளுக்குச் சிறுநீரில் கிருமி இருக்கும். கவனிக்காமல் விட்டால் அவர்களில் கணிசமானோருக்குச் சிறுநீரகத் தொற்றாக மாறும். குறைமாதப் பிரசவத்துக்கு அது ஒரு காரணம். பரிசோதனையில் அல்புமின், சர்க்கரை பார்க்கும் பட்டைச் சோதனை மட்டும் செய்துவிட்டு அனுப்பினால் இந்தக் கிருமி தெரியாது. கிருமி வளர்ப்புச் சோதனையைக் கேட்டுச் செய்துகொள்வது நல்லது. ஒடிசாவில் 670 கர்ப்பிணிகளைப் பேறுகாலம்வரை தொடர்ந்து கவனித்து 2015-இல் வெளியான ஆய்வு, திறந்தவெளிக்குப் போகும் பெண்களுக்குக் குறைப்பிரசவ வாய்ப்பு கூடுதல் என்று கண்டது. வறுமை, படிப்பு போன்றவற்றைக் கணக்கில் எடுத்துக் கழித்த பிறகும் அந்த வேறுபாடு நின்றது.

மலத்தை அடக்குவதன் விளைவு வேறு மாதிரி. உணர்வு வந்தபோது போகாவிட்டால் பெருங்குடல் அதிலுள்ள நீரை மேலும் உறிஞ்சிக்கொள்ளும். கெட்டிப்படும். தினமும் இப்படி நடந்தால் குடலின் கடைப்பகுதி விரிந்து, உணர்வே மந்தமாகிவிடும். பிறகு முக்க வேண்டியிருக்கும், மூலம் வரும். பிரசவத்தில் தளர்ந்த இடுப்படித் தசையோடு, நாள்தோறும் முக்கி, தலையிலும் இடுப்பிலும் பாரம் சுமக்கும் பெண்ணுக்கு அடியிறக்கம் வர இதுவும் வழி செய்கிறது. கருப்பை கீழே இறங்கியிருப்பதை வருடக்கணக்கில் வெளியே சொல்லாமல் துணியை வைத்துக் கட்டிக்கொண்டு வேலைக்குப் போகிறவர்கள் உண்டு.

இன்னொரு தொடர்பு பலர் கண்ணில் படுவதில்லை. கர்ப்பிணிக்கு நாளுக்கு 60 மில்லிகிராம் இரும்புச்சத்தோடு ஃபோலிக் அமிலம் சேர்ந்த மாத்திரை 180 நாள் கொடுக்கப்படுகிறது. அந்த மாத்திரையின் தெரிந்த பக்கவிளைவு மலச்சிக்கல்; சிலருக்கு வயிறு இளகும். கழிப்பறை இருப்பவருக்கு இது சின்னத் தொந்தரவு. இருட்டும்வரை காத்திருக்க வேண்டியவருக்கு இரண்டுமே பெரிய பயம். மாத்திரை அரிசிப் பானைக்குள் போய்விடுகிறது. ‘விழிப்புணர்வு இல்லை’ என்று பதிவேட்டில் எழுதி முடித்துவிடுகிறார்கள்.

மறைவும் ஈரமும் புழுவுக்கும் வேண்டும்

பெண்கள் ஒதுங்குமிடத்தைத் தேடுவது நிழல், புதர், மறைவு பார்த்து. கொக்கிப்புழுவின் முட்டைக்கும் வேண்டியது அதேதான்: நிழலும் ஈர மண்ணும். மலத்தோடு விழுந்த முட்டை ஓரிரு நாளில் பொரிந்து, ஐந்து முதல் பத்து நாளில் தோலைத் துளைக்கும் பருவத்தை அடையும். அதே இடத்துக்கு தினமும் வெறுங்காலோடு வருகிற பாதம் அதற்குக் கிடைத்துவிடும். விரலிடுக்கில் அரிப்பு, பிறகு ரத்தம் வழியாக நுரையீரல், அங்கிருந்து தொண்டை, விழுங்கப்பட்டுச் சிறுகுடல். அங்கே கொக்கி போட்டுக்கொண்டு ரத்தம் குடிக்கும். நெகேட்டர் வகைப் புழு ஒன்று நாளுக்குச் சுமார் 0.03 மில்லி, அன்கைலோஸ்டோமா வகை சுமார் 0.2 மில்லி. ஒரு புழுவுக்கு அது துளிதான். நூறு புழு இருந்தால் மாதக் கணக்கில் கூட்டிப் பாருங்கள்.

ஆணுக்கும்தானே புழு வரும்? வரும். ஆனால் மாதவிலக்கிலும் பேற்றிலும் ரத்தம் இழக்கிற உடலில், வீட்டில் எல்லாரும் உண்டபின் மிச்சம் உண்ணும் உடலில், அந்தத் துளி அதிகம் வலிக்கும். 2019-21 கணக்கெடுப்பில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் 57 விழுக்காட்டினருக்கு ரத்தசோகை. உணவுக்குறைதான் முதல் காரணம் என்றாலும், ஒழுகும் குடத்தில் நீர் ஊற்றுவது போல இரும்பு மாத்திரையை மட்டும் கொடுத்துக்கொண்டிருப்பதில் பயன் பாதிதான். கர்ப்பிணிகளுக்கு நான்காம் மாதம் முதல் ஆறாம் மாதத்துக்குள் 400 மில்லிகிராம் அல்பெண்டசோல் என்ற புழு மாத்திரை ஒரு வேளை தரப்படுவது இதற்காகத்தான். செருப்பு ஒரு தடுப்பு. புழு இல்லாத மண்தான் உண்மையான தடுப்பு.

இங்கேதான் பிரச்சார வாசகம் ஒன்று தவறிப்போனது. கழிப்பறையைப் பெண்ணின் மானத்தோடு சேர்த்தே விளம்பரம் செய்தார்கள். உத்தரப் பிரதேசத்தில் கழிப்பறைக்கே ‘இஜ்ஜத் கர்’, அதாவது மானக் கூடம், என்று பெயர் வைத்தார்கள். ‘கழிப்பறை இல்லையேல் மணப்பெண் இல்லை’ என்று அரியானாவில் 2005-இல் தொடங்கிய இயக்கம் வீடுகளில் கழிப்பறையைக் கட்ட வைத்தது உண்மைதான். கூடவே அது பொம்பளைங்க சமாச்சாரம் என்ற எண்ணத்தையும் ஊன்றியது. ஆண்கள் ஏரிக்கரைக்கே போனார்கள். அந்த மண்ணில்தான் பெண்கள் களை எடுக்கிறார்கள், புல் அறுக்கிறார்கள்.

மாதத்தில் அந்த ஐந்து நாள்

மாதவிலக்கு நாளில் தேவைப்படுபவை ஐந்து: மறைவான இடம், கைக்கு எட்டும் தண்ணீர், துணியோ நாப்கினோ, மாற்றியதைப் போட ஒரு வழி, கைகழுவச் சோப்பு. ஒன்று குறைந்தாலும் மற்ற நான்கும் பயனற்றுப் போகும். நாப்கினை இலவசமாகக் கொடுத்துவிட்டு, மாற்ற இடம் இல்லாமல் விட்டால், காலை ஆறு மணிக்கு வைத்தது இரவு ஏழு மணிவரை அப்படியே இருக்கும். தொடையிடுக்கு புண்ணாகும், ஈரத்தில் பூஞ்சை அரிப்பு வரும்.

தமிழ்நாட்டில் ‘புது யுகம்’ திட்டத்தில் வளரிளம் பெண்களுக்கு இரண்டு மாதத்துக்கு மூன்று பொட்டலம், பொட்டலத்துக்கு ஆறு நாப்கின் என்று வகுத்தார்கள். மாதத்துக்கு ஒன்பது வருகிறது. ஐந்து நாளும் ஆறு மணி நேரத்துக்கு ஒருமுறை மாற்றினால் இருபது வேண்டும். ஆக மீதிக்குத் துணிதான். துணி ஒன்றும் கெட்டதல்ல. பழைய பருத்திச் சேலைத் துணி நன்றாகவே உறிஞ்சும். முதலில் குளிர்ந்த நீரில் அலச வேண்டும். வெந்நீர் பட்டால் கறை பிடித்துக்கொள்ளும். பிறகு சோப்புப் போட்டுத் துவைத்து, நேர் வெயிலில் முறுமுறு என்று காய வேண்டும். தவறு நடப்பது இந்தக் கடைசிப் படியில். யார் கண்ணிலும் படக்கூடாது என்று ராத்திரியில் துவைத்து, பாவாடைக்கு அடியிலோ, கூரை இடுக்கிலோ, மாட்டுக்கொட்டகை மூலையிலோ போடுவார்கள். அரைகுறை ஈரத்தோடு மறுமாதம் எடுத்துக் கட்டுவார்கள்.

இதற்குத் தீர்வு பெரிய தொழில்நுட்பம் இல்லை. கழிப்பறையோடு ஒட்டி, ஆறடிச் சுவர் எழுப்பி, மேலே கூரை போடாமல் ஒரு குளியல் மறைப்பு. உள்ளே குறுக்கே ஒரு கொடி. வெயில் நேராக விழும், தெருவுக்குத் தெரியாது. பம்புசெட்டிலும் குளத்திலும் சேலையைக் கட்டிக்கொண்டே தலையில் ஊற்றிக்கொள்ளும் பெண்ணுக்கு, உடம்பை முழுதாகத் தேய்த்துக் குளிக்கவும் அதுவே இடம். ஒன்றை மட்டும் கவனிக்க வேண்டும்: குளித்த நீரைக் கழிப்பறைக் குழிக்குள் விடக்கூடாது, தனி உறிஞ்சு குழிக்குத் திருப்ப வேண்டும்.

பயன்படுத்திய நாப்கினைக் கோப்பைக்குள் போடுவதுதான் கிராமக் கழிப்பறையை நிறுத்தும் மிகப் பொதுவான காரணங்களில் ஒன்று. அதன் உள்ளே இருக்கும் உறிஞ்சும் பொருள் நீரில் பல மடங்கு உப்பும், வளைகுழாயில் மாட்டிக்கொள்ளும். குழிக்குள் போய்விட்டாலும் அதன் பிளாஸ்டிக் உறை மட்காது. தாளில் சுற்றித் தனியாக வைத்து, ஊராட்சியின் குப்பை சேகரிப்பில் கொடுப்பது முறை. அது வராத ஊரில் ஆழமாகப் புதைப்பது அடுத்த வழி. பள்ளிகளில் வைத்திருக்கும் சிறிய எரிப்பான்கள் குறைந்த வெப்பத்தில் புகைய விட்டால், பிளாஸ்டிக்கிலிருந்து நச்சுப் புகை வகுப்பறைக்கே வரும்.

துணைக்கு ஆள், பிறர் நிலம்

தனியாகப் போவதில்லை என்பது எழுதாத விதி. நாத்தனாரோ, பக்கத்து வீட்டு அக்காவோ கிளம்பும் நேரம்தான் நம் நேரம். உடம்பு பிறர் கடிகாரத்துக்கு ஓடுகிறது. 2005-06 குடும்பநலக் கணக்கெடுப்புத் தரவை வைத்து 2016-இல் வெளியான பகுப்பாய்வு, வீட்டில் கழிப்பறை உள்ளவரைவிடத் திறந்தவெளிக்குப் போகும் பெண்களுக்கு, கணவர் அல்லாத ஆணின் பாலியல் வன்முறைக்கு ஆளாகும் வாய்ப்பு இரு மடங்கு என்றது. வழக்காகாத சீண்டல், கல்லெறிதல், கைப்பேசி வெளிச்சம் அடிப்பது இந்தக் கணக்கில் வராது.

நிலம் யாருடையது என்ற கேள்வியும் இருக்கிறது. நிலமில்லாத குடும்பத்துப் பெண், பெரும்பாலும் தலித் பெண், ஒதுங்குவது பிறர் வயலில் அல்லது புறம்போக்கில். ஊரில் சாதித் தகராறோ கூலித் தகராறோ வந்தால் முதலில் வரும் வார்த்தை, ‘எங்க காட்டுக்குள்ள கால் வைக்கக் கூடாது’ என்பது. ஒரு தெரு முழுக்க அடங்கிப்போக அது போதும். சீமைக்கருவேலத்தை வேரோடு அழிப்பது நிலத்தடி நீருக்கு நல்லதுதான். ஆனால் பல ஊர்களில் பெண்களுக்கு இருக்கும் ஒரே மறைவு அந்த முள்காடு. அழிக்க வரும் பொக்லைனுக்கு முன்னால் கழிப்பறை வந்ததா என்று யாரும் பார்ப்பதில்லை.

கட்டியும் பூட்டிக் கிடப்பது ஏன்

விறகு அடுக்கிய கழிப்பறை, ஆட்டுக்குட்டி கட்டிய கழிப்பறை என்று படம் போட்டு ‘மனநிலை மாறவில்லை’ என்று எழுதுவது சுலபம். அந்தக் கட்டடத்தை அரைமணி நேரம் சுற்றிப் பார்த்தால் வேறு காரணங்கள் கிடைக்கும்.

முதலாவது தண்ணீர். கிராமக் கழிப்பறைக்கென்று செங்குத்துச் சரிவுள்ள கோப்பை இருக்கிறது. சரிவு 25 முதல் 28 டிகிரி. அதற்குக் கீழே பொருத்தும் வளைகுழாயில், நாற்றம் மேலே வராமல் தடுக்க நிற்கும் நீர், அதாவது நீர்த்தடுப்பு, 20 மில்லிமீட்டர்தான். ஒன்றரை முதல் இரண்டு லிட்டர் ஊற்றினாலே போய்விடும். ஆனால் கடையில் கிடைக்கிற நகரத்துக் கோப்பையை வாங்கி, 50 மில்லிமீட்டர் நீர்த்தடுப்புள்ள வளைகுழாயோடு கொத்தனார் பதித்துவிட்டால், ஒவ்வொரு முறையும் ஒரு வாளி வேண்டும். ஐந்து பேர் வீட்டுக்கு முதல் வகையில், கழுவுவதும் பெண்களின் சிறுநீர்த் தேவையும் தரை அலசுவதும் சேர்த்து, நாளுக்கு நாற்பது லிட்டர் போதும், மூன்று குடம். இரண்டாம் வகையில் அது ஆறு குடம் ஆகும். அடிகுழாயிலிருந்து அந்தக் கூடுதல் மூன்று குடத்தையும் இடுப்பில் தூக்கிவருவது யார்? அவளே சிறுநீருக்கு உள்ளே போவதைத் தவிர்த்துவிடுகிறாள், தண்ணீர் மிச்சம் என்று. கழிப்பறை வந்தும் அடக்குவது நிற்கவில்லை. ஆளுக்கு நாளொன்றுக்கு 55 லிட்டர் என்ற இலக்கோடு 2019-இல் வந்த ஜல் ஜீவன் திட்டத்தின் குழாய், வாசலோடு நிற்காமல் கழிப்பறைக்குள் ஒரு திருகு வரை போனால்தான் இந்தச் சுமை இறங்கும்.

இரண்டாவது, குழி நிரம்பிவிடும் என்ற பயம். இதனாலேயே ‘ஆம்பளைங்க வெளிய போங்க, ராத்திரியில மட்டும் பொம்பளைங்க போங்க’ என்று வீட்டுக்குள் பங்கீடு நடக்கும். அல்லது பத்துப் பதினைந்து சிமெண்ட் உறை இறக்கி ஆழமாக ஒரே குழி தோண்டுவார்கள். அதுதான் செப்டிக் டேங்க் என்று நினைப்பு. அந்த ஆழம் நிலத்தடி நீரைத் தொட்டால் பக்கத்து அடிகுழாயில் மலக்கிருமி வரும். பிறகு நிரம்பும்போது, மனிதரை இறக்குவது 2013 சட்டப்படி குற்றம். உறிஞ்சு லாரிக்குப் பணம் வேண்டும், அது சந்துக்குள் வராது.

இதற்காகவே உள்ள விடை இரட்டைக் குழி. 1970-இல் சுலப் நிறுவனத்தைத் தொடங்கிய பிந்தேஷ்வர் பாடக் பரப்பிய முறை இது. ஐந்தாறு பேர் வீட்டுக்குக் குழி ஒவ்வொன்றும் ஒரு மீட்டர் விட்டம், நாலடி ஆழம் போதும். இரண்டுக்கும் நடுவே குறைந்தது ஒரு மீட்டர் மண் விட வேண்டும். சுவர்ச் செங்கல்லைத் தேனடை போல இடைவெளி விட்டு அடுக்க வேண்டும். குழாய் நுழையும் மட்டத்துக்கு மேலே மட்டும் இடைவெளி கூடாது. அடியில் சிமெண்ட் போடவே கூடாது. கிணற்றிலிருந்து பத்து மீட்டர் தள்ளி இருக்க வேண்டும். நீர்மட்டம் மேலே உள்ள ஊரில் குழியை ஆழப்படுத்தாமல் தரைக்கு மேல் உயர்த்திக் கட்ட வேண்டும். கோப்பையிலிருந்து வரும் குழாய் ஒரு சிறு தொட்டியில் இரண்டாகப் பிரியும். ஒரு வாயைச் செங்கல் வைத்துக் களிமண் பூசி அடைத்துவிட வேண்டும். முதல் குழி சுமார் மூன்று ஆண்டில் நிரம்பும். அப்போது அடைப்பை மாற்றி இரண்டாவதைத் திறக்க வேண்டும். மூடிய குழி ஒன்றரை இரண்டு ஆண்டில் நாற்றமில்லாத கறுப்பு எருவாகிவிடும். மண்வெட்டியால் அள்ளித் தென்னைக்குப் போடலாம்.

கெடுவது எங்கே? அடியைச் சேர்த்து முழுக்கப் பூசி நீர் இறங்காமல் செய்வது ஒன்று. இரண்டு வாயையும் திறந்தே விட்டு இரண்டும் ஒன்றாக நிரம்புவது ஒன்று. முதல் குழி வழிந்து இரண்டாவதற்குப் போகும்படி வரிசையாக இணைப்பது மற்றொன்று. இது மூன்றிலும் இரட்டைக் குழிக்கு அர்த்தமே இல்லை. அந்தச் சிறு தொட்டி எங்கே இருக்கிறது, அடைப்பை எப்படி மாற்றுவது என்று வீட்டுப் பெண்ணுக்குக் காட்டிக் கொடுக்காமல் கொத்தனார் போய்விடுவது எல்லாவற்றுக்கும் மேல். அவளைத்தான் கூப்பிட்டுக் காட்ட வேண்டும். கழுவுவதும் அடைப்பு எடுப்பதும் கடைசியில் அவள் தலையில்தான் விழுகிறது.

தமிழ்நாட்டில் 2000-களின் தொடக்கத்தில் ஊராட்சி தோறும் கட்டிய மகளிர் சுகாதார வளாகங்கள் இன்னொரு பாடம். கழிப்பறை, குளியலறை, துவைக்கும் கல் எல்லாம் ஒரே மதிலுக்குள், எண்ணம் அருமை. மோட்டார் எரிந்துபோய், மின்கட்டணம் நிலுவையாகி, துப்புரவுக்கு ஆள் சம்பளம் இல்லாமல் பல பூட்டிக்கொண்டன. 2011-12-இல் மீண்டும் செப்பனிட வேண்டியிருந்தது. மகளிர் குழு சாவியை வைத்துக்கொண்டு, குடும்பத்துக்கு இவ்வளவு என்று மாதம் வசூலித்து நடத்திய இடங்கள் நின்றன. ஊர்க்கோடியில் கட்டியவை, யார் சாவி வைத்திருந்தாலும் நிற்கவில்லை. ராத்திரி அவ்வளவு தூரம் நடப்பதற்குக் கருவேலங்காடே கிட்டம்.

வேலைத்தலம்

வீட்டில் கழிப்பறை வந்துவிட்டாலும் பகல் முழுக்க அவள் வீட்டில் இல்லை. நூறு நாள் வேலைக்கு வழிவகுத்த 2005-ஆம் ஆண்டுச் சட்டத்தின் இரண்டாம் அட்டவணை, வேலைத்தலத்தில் பாதுகாப்பான குடிநீர், குழந்தைகளுக்கு நிழல், ஓய்வு நேரம், முதலுதவிப் பெட்டி ஆகியவற்றை வரிசையாகச் சொன்னது. கழிப்பிடம் அந்த வரிசையில் இல்லை. குடிக்கத் தண்ணீர் வைத்தவர்களுக்கு, குடித்த தண்ணீர் எங்கே போகும் என்று தோன்றவில்லை. வேலைக்கு வருவோரில் பெரும்பகுதி பெண்கள், அதிலும் ஐம்பதைத் தாண்டியவர்கள். கண்மாய்க் கரையில் நாலு கம்பு நட்டு, பழைய சாக்குப் படுதா கட்டி, ஒன்றரையடிப் பள்ளம் தோண்டி, பக்கத்தில் ஒரு குவியல் மண்ணும் ஒரு சிரட்டையும் வைத்தால் அன்றைய வேலைக்குப் போதும்; போனவர் மண்ணைத் தள்ளி மூடிவிட்டு வரலாம். செங்கல் சூளையிலும் நடவு வயலிலும் இதுவே செல்லும். ஆகும் செலவு ஒரு ஆள் கூலிகூட இல்லை.

வயதான பெண்கள் பற்றி ஒரு வார்த்தை. முழங்கால் தேய்ந்தவர் குந்தி உட்கார்ந்தால் எழுந்திருக்க முடியாது. வெளியில் இருந்தவரை மரத்தையோ கல்லையோ பிடித்து எழுந்தார். மூணடிக்கு நாலடி அறைக்குள் பிடிக்க ஒன்றும் இல்லை. பக்கச் சுவரில் இடுப்பு உயரத்தில் ஒரு இரும்புக் குழாயைப் பதித்துவிட்டால் போதும். நிறைமாத கர்ப்பிணிக்கும் அதே குழாய் உதவும். கதவு வெளிப்பக்கம் திறக்கும்படி மாட்ட வேண்டும். உள்ளே மயங்கி விழுந்தால் உட்பக்கம் திறக்கும் கதவைத் தள்ளவே முடியாது.

அப்புறம் வெளிச்சம். பெரும்பாலான வீடுகளில் கழிப்பறை கொல்லைப்புறக் கோடியில், வீட்டிலிருந்து முப்பது நாற்பது அடி தள்ளி இருக்கிறது. உள்தாழ்ப்பாள் இருக்கும், தண்ணீர்த் தொட்டி இருக்கும், விளக்கு மட்டும் இருக்காது. கட்டுமான மதிப்பீட்டில் மின் இணைப்பு என்ற வரியே வருவதில்லை. இரவு பதினொரு மணிக்கு வயிற்றைக் கலக்கும் பெண், இருட்டில் கட்டுவிரியனுக்குப் பயந்து, மாமியாரை எழுப்பக் கூச்சப்பட்டு, விடியட்டும் என்று புரண்டு படுக்கிறாள். சமையலறையிலிருந்து ஒரு கம்பி இழுத்து, வாசலுக்கு மேல் ஐந்து வாட் எல்.இ.டி. பல்பு ஒன்று, அதன் சுவிட்ச் கழிப்பறையில் இல்லாமல் வீட்டுப் பின்கதவுக்குப் பக்கத்தில்.